வேலிக் குழியில் நின்ற விசிலக்கா

விசிலக்கா அந்தப் பூங்காவுக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது காற்று வாங்க இல்லை, புருஷனோடு சண்டை போட.

கல்யாணமாகி வந்த வீடு ஒரே அறை. ஒரு மூலையில் மாமியார், ஒரு மூலையில் நாத்தனார், இன்னொரு மூலையில் அடுப்பு. மிச்சமிருந்த மூலையில் புருஷன் கழற்றிப் போட்ட சைக்கிள் சக்கரங்கள். அவர் சைக்கிள் பழுது பார்க்கிறவர். அந்த வீட்டில் புருஷனைப் பார்த்து ஒரு வார்த்தை உரக்கச் சொன்னால் போதும், தீர்ப்புச் சொல்ல இரண்டு பேர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் மனசில் இருப்பதைக் கொட்ட வேண்டுமென்றால், "வாங்க, பூங்கா வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்பாள். "புதுசாக் கல்யாணமானதுங்க, ஜோடியாப் போகுதுங்க பாரு" என்று மாமியாருக்கு வாயெல்லாம் பல். பூங்காவில் ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்து இவள் ஒரே மூச்சில் திட்டித் தீர்ப்பாள். அவர் ஊமைக்கோட்டான் மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார். திரும்பும்போது இரண்டு பேருக்கும் மனசு பஞ்சாக இருக்கும். அந்தக் குடித்தனம் உடையாமல் நின்றது அந்த பெஞ்சால்தான். பிறகு இரண்டு அறை வீடு வந்தது, மாமியார் போய்ச் சேர்ந்தாள், நாத்தனார் மட்டும் கூடவே தங்கிவிட்டாள். பெஞ்சை மட்டும் இவள் விடவில்லை.

விசிலக்கா என்ற பேர் பஸ்ஸில் வந்தது. கண்டக்டர் வேலை. ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். படியில் தொங்குகிறவன் காதில் ஒன்று அடித்தால் அவன் தானாக உள்ளே போய்விடுவான். அவள் வண்டிக்குக் கடைசி நிறுத்தம் இந்தப் பூங்கா வாசல். பகல் சாப்பாடு அந்த பெஞ்சில்தான்.

பூங்கா என்றால் நேற்று முளைத்தது இல்லை. தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் போட்டது. இரும்பிலேயே பூவும் கொடியும் அடித்த பெரிய கேட், நான்கு பேர் கைகோத்தாலும் எட்டாத மரங்கள், நடுவில் அகலமாகப் புல்தரை. புல்தரைக்கு நடுவே எட்டுத் தூண் மண்டபம் ஒன்று. ஒரு காலத்தில் அங்கே பேண்டு வாசித்தார்களாம். விசிலக்கா பார்த்த காலத்தில் புறாக்கள்தான் குடியிருந்தன.

அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் டிப்போவில் மாலை, நாற்காலி, பேச்சு என்று ஏற்பாடு செய்தார்கள். "அந்தப் புகைக்குள்ள நிக்க வெச்சு என்னை வாழ்த்தாதீங்கப்பா. பூங்காவுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டாள். வந்தார்கள். புல்லில் உட்கார்ந்தார்கள். மண்டபத்தில் ஏறி டிரைவர் ஒருத்தர் பாடினார். நடந்து போனவர்களும் நின்று கேட்டார்கள், பிறகு அவர்களும் உட்கார்ந்தார்கள். அடுத்த மாதம் தெருவில் யாரோ கேட்டார்கள், "என்ன விசிலக்கா, இந்த மாசம் இல்லையா?" அவ்வளவுதான். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை என்றால் பூங்காவில் கூட்டம் என்று ஆகிவிட்டது.

கூட்டத்தில் அழைப்பும் கிடையாது, தலைவரும் கிடையாது. யார் வேண்டுமானாலும் மண்டபம் ஏறலாம். "நல்லாப் பாடறவங்க வீட்டுல பாடிக்கோங்க, மத்தவங்க இங்க வாங்க" என்பாள். முடிதிருத்துகிறவர் ஒருத்தர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு மாதம் தவறாமல் பாடினார். ஒரு ஓரம் சதுரங்கம். இன்னொரு ஓரத்தில் பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன சட்டைகளை அம்மாக்கள் மாற்றிக்கொள்வார்கள்.

ஆனால் விசிலக்காவிடம் இரண்டு விஷயத்தில் மட்டும் பேச்சே கிடையாது. புல்தரையின் ஒரு பாதியில்தான் உட்கார வேண்டும். மறு பாதிக்குக் கயிறு கட்டி ஓய்வு விட வேண்டும், அடுத்த மாதம் மாற்றிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, கூட்டம் முடிந்ததும் அவள் விசில் அடிப்பாள். வந்தவர்கள் அத்தனை பேரும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை தோளோடு தோள் வரிசை கட்டி, குனிந்து, கிடக்கிற காகிதம், மூடி, பொத்தான் எல்லாம் பொறுக்கிக்கொண்டே ஒன்றாக நடக்க வேண்டும். அதற்குப் பேர் 'சீப்புப் போடுறது'. வக்கீலானாலும் சரி, வண்டி தள்ளுகிறவரானாலும் சரி, சீப்புப் போடாமல் கேட்டைத் தாண்ட முடியாது. "சாப்பிட்டா கை கழுவறோமில்ல? அதுமாதிரிதான், குனிங்க."

இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது பூங்காவுக்குப் புதுக் கண்காணிப்பாளர் வந்தார். சின்ன வயசு. எந்த வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட்டிருப்பார். நாத்தனார் பார்த்த அன்றைக்கே 'கழுத்துப்பட்டன்' என்று பேர் வைத்துவிட்டாள். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பழைய பொருள் என்றால் அவருக்கு உயிர். மண்டபத் தூணில் தூசி இருந்தால் கைக்குட்டையால் துடைப்பார். மனுஷர்கள்தான் அவருக்குத் தூசி மாதிரி தெரிந்தார்கள்.

"அம்மா, இது புராதனச் சின்னம். புல்லு மேல ஆள் உட்கார்ந்தா கெட்டுப்போகும்" என்றார்.

"புல்லு மேல ஆள் உட்காராம அலமாரியா உட்காரும்?"

"பாதுகாக்கணும்மா."

"நாங்க என்ன, பிடுங்கித் தின்னுட்டா போறோம் சார்?"

அவர் மேலிடத்தில் சொல்லிவிட்டார். வருகிற கூட்டத்தன்று மூன்று பெரிய அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். புல்தரை நன்றாக இருந்தால் கூட்டம் நடக்கலாம். கெட்டிருந்தால் புல்தரையையும் மண்டபத்தையும் சுற்றி மார்பளவு இரும்பு வேலி. அதற்குப் பிறகு வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம், உள்ளே ஒரு கால் வைக்க முடியாது.

விசிலக்கா எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாள். "புல்லு நல்லாத்தான் இருக்கு. யாரும் கைவைக்காதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

சொன்னால் கேட்கிற ஜனமா? அன்பு இருக்கிற இடத்தில் காது இருக்காது. கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் பூங்காத் தோட்டக்காரர், 'அக்காவுக்காக' என்று புல்தரை முழுக்கத் தண்ணீர் பாய்ச்சினார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் புருஷன் கடையைப் பூட்டிவிட்டு வந்து, தன் பங்குக்குக் குழாயைத் திறந்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று சந்தோஷமாகத் திரும்பினார். பொழுது சாய்கிற வேளையில் நாத்தனார் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு குடம் குடமாக ஊற்றினாள். ஒருத்தர் செய்தது இன்னொருத்தருக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் புல் கிளிப்பச்சையாக நின்றது. மேல்மண் காய்ந்தும் இருந்தது. "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று விசிலக்கா நெஞ்சை நிமிர்த்தினாள். அதிகாரிகள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஊரே திரண்டு வந்தது, பாதிக்குக் கட்டின கயிற்றையும் தாண்டி நிறைந்தது. முடிதிருத்துகிறவர் இரண்டாவது பாட்டை எடுத்தபோது வந்த அதிகாரிகளுக்குப் போட்ட நாற்காலி ஒன்று கால் முழுக்க மண்ணுக்குள் இறங்கியது. பிள்ளைகள் ஓடினார்கள், ஓடின இடமெல்லாம் பிளந்தது. எல்லோரும் பதறி எழுந்து நின்றார்கள், நின்றதில் இன்னும் மோசமானது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை போய்ச் சேறு மேலே வந்தது. மூன்று அதிகாரிகளும் நடுவில் நின்றபடி காலை எடுக்கப் பார்த்தார்கள். கால் வந்தது, ஒருத்தருடைய செருப்பு வரவில்லை.

அன்றைக்கே வேலிக்கு உத்தரவு ஆகிவிட்டது.

விசிலக்கா நேராக சைக்கிள் கடைக்குப் போனாள். "யார் தண்ணி விட்டது?"

புருஷன் கையிலிருந்த சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, "நான்தான்... கொஞ்சமா" என்றார்.

"நானும்தான் அண்ணி" என்றாள் பின்னாலேயே வந்த நாத்தனார். "எல்லாம் நல்லதுக்குத்தான் ஊத்தினோம்."

கடை வாசலில் தோட்டக்காரர் தலையைக் குனிந்து நின்றார். அவரைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"அடப்பாவிங்களா! மூணு பேரும் சேர்ந்து புல்லைக் குளிப்பாட்டியே கொன்னுட்டீங்களே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள், நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாத்தனார் பக்கத்தில் வந்து, "பூமிக்குள்ள குழாய் உடைஞ்சுடுச்சுன்னு சொல்லிடலாம் அண்ணி. யாருக்குத் தெரியும்?" என்றாள்.

"சேறு நம்ம சேறு. அதை இன்னொருத்தர் தலையில கட்ட மாட்டேன். வேலியையும் விட மாட்டேன்."

"ரெண்டும் எப்படி அண்ணி?"

"அது எனக்கும் தெரியல. நாளைக்குத் தெரியும்."

மறுநாள் மேஸ்திரி ஆட்களோடு வந்து புல்தரையைச் சுற்றிக் குழி தோண்டினார். இரும்புக் கம்பங்கள் பாதையோரம் அடுக்கிக் கிடந்தன. முதல் குழி முடிந்து, முதல் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், குழிக்குள் விசிலக்கா நிற்கிறாள். முழங்கால் வரை உள்ளே, முந்தானை இடுப்பில்.

"அம்மா, வெளிய வாங்கம்மா. கான்கிரீட் போடணும்."

"போடுங்க மேஸ்திரி. என் காலையும் சேர்த்துப் போடுங்க. கம்பம் மிச்சமாகும்."

மேஸ்திரி அடுத்த குழிக்குப் போனார். அதில் புருஷன் இறங்கி, வழக்கம்போல் வாயைத் திறக்காமல் நின்றார். அதற்கடுத்த குழியில் நாத்தனார், "எனக்கு இது கொஞ்சம் இறுக்கமா இருக்கு, பெருசாத் தோண்டக் கூடாதா?" என்றாள். முடிதிருத்துகிறவர் கத்தரிக்கோலோடு ஓடி வந்து ஒன்றில் இறங்கினார். குழி கேட்டு வாங்கி இறங்கியவர்களும் உண்டு.

கழுத்துப்பட்டன் வேர்த்து விறுவிறுத்து வந்தார். "ஆள் இல்லாத குழியில முதல்ல கலவையைப் போடுங்க. தோட்டக்காரரே, குழாயைத் திறங்க."

தோட்டக்காரர் அசையவில்லை. "தண்ணி தர மாட்டேன் சார். கேட்காமக் குடுத்து ஒரு தடவை பட்டது போதும்."

"உங்க வேலை போயிடும், தெரியுமில்ல?"

"போகட்டும் சார். இந்த மரத்துக்கெல்லாம் நாளைக்கு யார் ஊத்துவா? நீங்களா?"

குழிகளிலிருந்து சிரிப்பு எழுந்தது. கழுத்துப்பட்டன் விசிலக்கா பக்கம் திரும்பினார். "கெடுத்தது நீங்கதானேம்மா? உங்க கண்ணாலயே பார்த்தீங்களே!"

"நாங்கதான் சார். இல்லைன்னு சொன்னேனா? எங்க ஆளுங்களே தண்ணி ஊத்தி, எங்க கால்களே மிதிச்சது. கெடுத்தவங்களைச் சரிபண்ண விடுங்க. பிள்ளை தட்டை உடைச்சா, இனிமே உனக்குச் சோறே கிடையாதுன்னு சமையலறையைப் பூட்டுவீங்களா?"

அவர் குழிகளில் நின்ற தலைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு, "மேலிடத்துல நான் சொல்லிக்கிறேன். அடுத்த மாசம் அந்த மூணு பேரும் மறுபடி வருவாங்க. புல் வந்திருக்கணும். வரலைன்னா வேலிதான். அதுவரைக்கும் புல்தரையில ஒரு கால் படக் கூடாது. கூட்டமும் கிடையாது" என்றார்.

"கால் படாது. கூட்டம் உண்டு."

"எப்படிம்மா?"

"அது எங்க பாடு."

மேஸ்திரி கம்பங்களையும் குழிகளையும் அப்படியே விட்டுவிட்டுப் போனார், மிரட்டல் மாதிரி. குழிகள்மேல் பலகை போட்டார்கள். தோட்டக்காரர் சொல்ல, கால் படாமல் புல்தரையிலும் பலகை விரித்து, அதன் மேல் முட்டி போட்டு இறுகிய மண்ணைக் கம்பியால் குத்திக் குத்தித் தளர்த்தினார்கள், மணல் தூவினார்கள். ஓரத்தில் தப்பித்த புல்லை வேரோடு கிள்ளி, வீட்டுக்கு ஒரு பிடி என்று நட்டார்கள். குழாய்ச் சாவி தோட்டக்காரர் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை. நாத்தனார் ஒரு செம்போடு வந்தால்கூட விரட்டிவிடுவார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூட்டமும் வந்தது. புல்தரையைச் சுற்றிக் கட்டின கயிற்றைத் தாண்டி ஒருத்தரும் கால் வைக்கவில்லை. சுற்றிலும் இருந்த நடைபாதையில் வளையமாக நின்றார்கள். இந்தக் கரையில் ஒருத்தர் பாட, அந்தக் கரையில் கைதட்டல். முடிதிருத்துகிறவர் பாடினபோது எதிர்க்கரையில் இருந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கழுத்துப்பட்டன் எங்காவது ஒரு காலடித் தடம் கிடைக்குமா என்று கயிற்றோரமாகவே சுற்றிச் சுற்றி வந்தார். பாதையில் நிற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அவர் நல்லவர், இல்லாத சட்டத்தைச் சொல்லவும் அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அந்த மூன்று அதிகாரிகளும் வந்து சேர்ந்தார்கள். புல் வந்திருந்தது, மூன்று நாள் தாடி மாதிரி குத்திக்கொண்டு. கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று கழுத்துப்பட்டன் கயிற்றுக்கு மேலே காலைத் தூக்கினார்.

"சார்! கால்!"

விசிலக்காவின் அதட்டலில் அவர் ஒற்றைக்காலில் நின்றுவிட்டார். "ஒரு கால் படக் கூடாதுன்னு யார் சொன்னது? இன்னும் வேர் பிடிக்கல. வெளிய நின்னே பாருங்க."

நான்கு பேரும் வெளியே நின்றே பார்த்தார்கள்.

"அங்க நடுவுல மொட்டையா இருக்கே?" என்றார் அதிகாரிகளில் மூத்தவர்.

"அது போன தடவை நீங்க மூணு பேரும் நின்ன இடம் சார். அதையும் வளர்த்துடுவோம். வேலி போட்டா யார் வளர்ப்பா? மொட்டையாவேதான் கிடக்கும்."

மூத்தவர் தன் செருப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மூன்று பேரும் தள்ளிப் போய்ப் பேசினார்கள். கழுத்துப்பட்டன் திரும்பி வந்து, "இந்த வருஷம் வேலி வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றார்.

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் பார்க்கலாம்மா."

"பாருங்க சார். நாங்களும் இங்கயேதான் இருப்போம்."

மறுநாள் லாரி வந்து கம்பங்களை ஏற்றிக்கொண்டது. மேஸ்திரியும் லாரியில் ஏறப் போனார். விசிலக்கா விடவில்லை. தோண்டினவர்தான் மூட வேண்டும் என்று மண்வெட்டியைக் கையில் கொடுத்தாள். அவர் கடைசிக் குழியில் மண்ணைத் தள்ளி, மேலாக ஒரு மிதி மிதித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னும் நல்லா அமுக்குங்க மேஸ்திரி" என்றாள் அவள். "மறுபடி தோண்ட வர்றவங்களுக்குக் கை வலிக்கணும்."