அளவு வளையத்தில் சந்தனம்

வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் சித்தப்பாவின் லேத் பட்டறை. வயல் மோட்டாருக்குப் புஷ் கடைவதுதான் தொழில். மோட்டார் தண்டு உள்ளே நின்று சுழலும் சின்னப் பித்தளைக் குழாய்தான் புஷ். கடைகளில் ரெடிமேட் புஷ் வந்ததும் வேலை படுத்துவிட்டது.

அப்போதுதான் ராணுவ ஆராய்ச்சிக் கூடம் ஒன்று மாதிரிக்குப் பன்னிரண்டு புஷ் கேட்டது. எதில் மாட்டுவார்கள் என்று சொல்லவில்லை. துளையின் அளவு, தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகக் கூடாது, அவ்வளவுதான். தேறினால் தொடர்ந்து வேலை. தேறாவிட்டால் பட்டறையை மூடிவிடுவதென்று சித்தப்பா முடிவு செய்திருந்தார்.

அளக்கும் கருவியையும் அவர்களே அனுப்பினார்கள், கூடவே, துளை மிகச் சரியான அளவில் இருக்கும் ஓர் எஃகு வளையம். தினமும் அந்த வளையத்துக்குள் கருவியை விட்டுப் பூஜ்ஜியம் வைக்க வேண்டும். கல்லூரியில் நான் இந்தக் கருவியைக் கண்ணாடி அலமாரிக்குள்தான் பார்த்திருக்கிறேன். அது வந்த அன்று எனக்குச் சோற்று நினைப்பே இல்லை. கண்ணில் பட்டதையெல்லாம் அளந்தேன். மேலூரிலிருந்து வந்திருந்த மோட்டார் மெக்கானிக்குக்குக் கொடுக்க வைத்திருந்த புஷ்ஷையும் அளந்தேன். இந்தப் பக்கம் ஓர் அளவு, அந்தப் பக்கம் வேறு அளவு.

"அண்ணே, மோட்டாரு இதுனாலதான் உறுமுது."

"உறுமாட்டி அது ஓடுதுன்னு எவன் நம்புவான் மாப்ள?" என்று புஷ்ஷைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஆயுத பூஜை முடிந்து பன்னிரண்டையும் கடைந்தோம். கருவி எல்லாவற்றையும் சரி என்றது. மறுநாள் காலை அதிகாரி வருகிறார். சாயங்காலம் அவர்கள் தந்த சோதனைத் தண்டை விட்டுப் பார்த்தால், ஒன்றில்கூட நுழையவில்லை.

சித்தப்பா கைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இம்புட்டுத்தான்டா நம்ம ராணுவம்."

எனக்கோ மூளை வேகமாக ஓடியது. பன்னிரண்டும் ஒரே அளவுக்குச் சிறுத்திருந்தன. அப்படியென்றால் தப்பு கடைசலில் இல்லை, பூஜ்ஜியத்தில். வளையத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். உள்சுவரில் மெல்லிய மஞ்சள் தீற்றல்.

"சித்தப்பா, இதுக்குப் பொட்டு வச்சீகளா?"

"லேத்துக்கு வச்சேன், ஸ்பேனருக்கு வச்சேன், இதுக்கு மட்டும் வைக்காம விடுவேனா?"

"எப்படிப் பிடிச்சு வச்சீக?"

பூஜையன்று சந்தனம் தொட்ட விரலில் மோதிரம் மாதிரி மாட்டியதை, அப்படியே செய்து காட்டினார். காட்டிய கணமே அவருக்கும் புரிந்துவிட்டது. "சாமி குத்தமில்ல, விரல் குத்தம்" என்று சிரிக்க ஆரம்பித்தார்.

சந்தனம் வளையத்தைச் சுருக்க, கருவி அந்தச் சுருங்கிய அளவையே சரி என்று எடுத்துக்கொண்டிருந்தது. புஷ்களின் துளை சிறுத்திருந்ததால் பிழைத்தோம். பெருத்திருந்தால் பித்தளை குப்பைக்குத்தான். வளையத்தைத் துடைத்து, மறுபடி பூஜ்ஜியம் வைத்து, பன்னிரண்டையும் திரும்பக் கடைந்தோம். காலையில் அதிகாரி விட்ட தண்டு, எண்ணெயில் விரல் போல இறங்கியது. பன்னிரண்டும் தேறின.

இப்போது வயல் மோட்டார் புஷ்களையும் அதே கருவியில்தான் அளக்கிறோம். ஒன்று மட்டும் உறுத்துகிறது: புஷ் என்னவோ புஷ்தான், ராணுவத்துக்கு என்றதும் வந்த கருவி, நெல்லுக்கு என்று ஏன் ஒருநாளும் வரவில்லை? ஆனால் உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. மேலூர் அண்ணன் போன வாரம் வந்து பத்துப் புஷ் கேட்டார், முகத்தில் கடுப்போடு.

"என்னத்தக் கடைஞ்சு தொலைச்சீங்க மாப்ள? சத்தமே இல்ல. ஓடுதான்னு கைய வச்சுல பாக்குறாங்க."