எறும்புக்குச் சாட்சி

எங்கள் மாமாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதைக் கண்டுபிடித்தது நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. இந்தப் பெருமையைப் பல வருடங்கள் பேசித் திரிந்தேன். பெரும்பாறை மினி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் யாரும் தப்பியதில்லை.

மாமா, அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். இருபது வயதில் அவருக்கு மனநோய் வந்தது. காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று, நாங்கள் வேலை பார்த்த காபி எஸ்டேட்டை விட்டு ஓடியவரை அம்மாதான் மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தேற்றிக் கொண்டுவந்தாள். அதிலிருந்து தினமும் மாத்திரை, மாதம் ஒருமுறை டாக்டர். மாத்திரையில் குரல்கள் அடங்கின, உடம்பு பெருத்தது. ஏணி ஏறி மிளகு பறித்தவர், களத்தில் காபி காயவைக்கும் வேலைக்கு மாறினார். அவர் கிளறிப்போட்ட காபி ஒரே சீராகக் காயும். அதை மேஸ்திரியே ஒப்புக்கொள்வார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வயிறு வலிக்கிறது, கால் எரிகிறது என்று மாமா எதைச் சொன்னாலும் அப்பா கேட்பது ஒன்றுதான்: “மாப்ள, மாத்திர போட்டியா?” அன்பாகத்தான் கேட்பார். போட்டுவிட்டேன் என்று மாமா சொன்னதும் விசாரணை முடிந்துவிடும்.

அந்தக் காபி சீசனில் மாமா ஓயாமல் தண்ணீர் குடித்தார். அளவாக இருந்த சட்டை தொளதொளவென்று ஆனது. ஒருநாள் சாப்பிடும்போது தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: “மச்சான், நான் ஒண்ணுக்கு ஒதுங்குற எடத்துக்கு எறும்பு தேடி வருது.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். பழைய நோய் திரும்புகிறது என்ற பயம் இருவர் முகத்திலும் தெரிந்தது. “காபிப் பழத்தோலு கெடக்குற எடத்துல எறும்பு வரத்தான செய்யும், மாப்ள. மாத்திர போட்டியா?”

அரைப் பரீட்சை லீவில் ஒரு காலை, மாமாவுக்கு டீ கொண்டுபோனேன். டீயை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, என்னைக் களத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே சில்வர் ஓக் மரத்தடியைச் சுத்தமாகப் பெருக்கி, தள்ளித் தள்ளி இரண்டு கல் வைத்திருந்தார்.

“தாயி, இந்தக் கல்லுகிட்ட வெள்ளனே ஒதுங்குனேன். அந்தக் கல்லுகிட்ட வெறுந்தண்ணி ஊத்துனேன். தோலு ஒண்ணுகூடக் கெடையாது. நல்லாப் பாரு.”

பார்த்தேன். தண்ணீர் ஊற்றிய இடம் சும்மா ஈரமாக இருந்தது. இந்தப் பக்கம் கல்லே தெரியாத அளவுக்கு எறும்பு மொய்த்துக் கிடந்தது.

“ஒங் கண்ணுக்கும் தெரியுதா?” என்றார் மாமா.

“எம்புட்டு எறும்பு மாமா” என்றேன். அவர் அப்படியே மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் குடித்தார். வேடிக்கை காட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்து, வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன்.

மறுநாள் டாக்டரைப் பார்க்கும் நாள். லீவு என்பதால் அம்மா என்னையும் கூட்டிப்போனாள். எறும்புக் கதையைக் கேட்ட டாக்டர், சந்தேகம் அதிகமாகியிருக்கிறது, மாத்திரையைக் கூட்டலாம் என்று சீட்டில் எழுதத் தொடங்கினார். அம்மா எழுந்து நின்றாள். டாக்டர் முன்னால் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

“நானும் அப்படித்தான் சார் நெனச்சேன். எம் மக நேர்ல பாத்துட்டு வந்து சொல்றா. அவன் மனசுக்கு இத்தன வருசம் பாத்துட்டீங்க. இன்னைக்கு ஒடம்பயும் பாருங்க.”

டாக்டர் என்னிடம் கேட்டார். இரண்டு கல்லையும் ஒன்று விடாமல் விவரித்தேன். மாமாவின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். கருவியைப் பார்த்த டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

“அம்மா, மன்னிச்சுக்கங்க. இந்த மாத்திரை சிலருக்குச் சர்க்கரையக் கூட்டிரும். நான்தான் முன்னாடியே பாத்திருக்கணும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்தாயிருக்கும். ரெண்டு நோய்க்கும் சேத்தே வைத்தியம் பாப்போம்.”

வார்டில் ஒரு வாரம் இருந்து மாமா தேறினார். இன்றைக்கும் களத்தில் காபி கிளறுகிறார். காலையில் தானே விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து நோட்டில் எழுதிவைக்கிறார். அவர் எங்காவது வலிக்கிறது என்றால், “எங்க வலிக்கி?” என்றுதான் அப்பா முதலில் கேட்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பஸ்ஸிலேயே என் பிரதாபம் தொடங்கிவிட்டது. “எங்க மாமாவுக்குச் சுகர்னு கண்டுபிடிச்சதே நான்தான்” என்று கண்டக்டரிடம் சொன்னேன். ஜன்னலோரம் இருந்த மாமா, “ஆமாங்க, இவதான்” என்று சிரித்தார்.

கண்டுபிடிப்பு மாமாவுடையது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கல் வைத்து, தரையைப் பெருக்கி, தண்ணீர் ஊற்றிப் பார்த்து எல்லாம் முடித்திருந்தார். தன் கண்ணைத் தானே நம்பலாமா என்பது ஒன்றுதான் பாக்கி. முப்பத்தெட்டு வயது மனிதர் அதைக் கேட்க ஒரு பத்து வயதுக்காரியைத் தேடிப் பிடித்திருக்கிறார். நானோ எறும்பைத்தான் பார்த்தேன்.