தலைக்கு வகுத்த பானை

ஆவணி மாதம் ஏழாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு என்னை என் வீட்டிலிருந்து வெளியே அனுப்பினார்கள். வானம் மூட்டமாக இருந்தது. மேற்கே மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. சாரல் விழுவதும் நிற்பதுமாக இருந்ததால், குடையை விரிப்பதா மடக்குவதா என்று புரியாமல் ஏழு தடவை விரித்து ஏழு தடவை மடக்கினேன்.

அனுப்பியவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். வளரும் பெண்பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ராஜபாளையத்தில் வீடு வீடாகக் கேட்டு எழுதுகிற வேலை அவளுக்கு. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியின் பெயர் அவளுடைய பட்டியலில் இருந்தது. பையிலிருந்து ஒரு கிண்ணம், ஒரு தம்ளர், மூன்று அளவில் மூன்று கரண்டிகள் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். எனக்கு வாயில் எச்சில் ஊறாத குறை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"தாத்தா, நீங்க செத்த நேரம் வெளிய இருங்களேன். பிள்ளைகிட்டத் தனியாத்தான் கேக்கணும்."

"அவ என்ன சாப்பிடுதான்னு நானே சொல்லுதேன்மா. நோட்டுல எழுதியே வச்சிருக்கேன்."

"உங்க நோட்டு வேண்டாம் தாத்தா. அவ வாயால சொல்லணும்."

கதவு சாத்தப்பட்டது. சன்னலுக்கு மேலே ஒரு சாய்ப்பு உண்டு. மழைக்கு ஒதுங்க அதைவிட நல்ல இடம் எங்கள் வீட்டில் இல்லை. அங்கே போய் நின்றேன். ஒட்டுக்கேட்டதாக நினைக்காதீர்கள். காதைப் பொத்திக்கொள்ளலாம் என்றால் ஒரு கையில் குடை இருந்தது.

"காலைல டீயும் ரெண்டு பிஸ்கட்டும்க்கா" என்றாள் பேத்தி.

"இட்லி?"

"தாத்தா முன்னால தட்டுல நாலு வச்சுக்கிடுவேன். ஒண்ணைப் பிச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன். அவிய பேப்பரைப் பிரிச்சதும் மூணும் பாத்திரத்துக்குப் போயிரும்."

"மத்தியானம்?"

"பாதி நாள் டப்பாவையே தெறக்க மாட்டேன். குண்டாயிட்டேன்னு வேன்ல சொல்லுதாளுக."

சித்திரை மாதத்திலிருந்து என் நோட்டில் காலை ஆகாரம் என்ற தலைப்பின் கீழ் ஒரு நாள் விடாமல் நான்கு, நான்கு, நான்கு என்று எழுதியிருக்கிறேன். பிள்ளை பட்டினி கிடக்கிறாள் என்று கேட்டவுடன் மனிதனுக்கு நெஞ்சு பதற வேண்டும். பதறியது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முதலில் வந்தது பொறாமை. நான்கு மாதம் எதிரே உட்கார்ந்து எண்ணிய எனக்குக் கிடைக்காத கணக்கு, மூன்று கரண்டியோடு வந்த ஒருத்திக்குப் பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. அதுவும் 'அக்கா' என்று கூப்பிட்டுச் சொல்கிறாள்.

உள்ளே கரண்டியைக் கிண்ணத்தில் போடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் என்னைப் பதினோரு கிலோமீட்டரும் ஐம்பத்தோரு வருஷமும் தள்ளிக் கொண்டுபோய் விட்டது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் இருந்தவனுக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நெசவுக்காரர்கள் குடியிருந்த ஒரு தெருவில், பதின்மூன்று முதல் பதினேழு வயதுப் பெண்பிள்ளைகளின் சாப்பாட்டை நிறுத்து எழுத வேண்டும். ஒரு மரப்பெட்டியில் சின்னத் தராசும் பித்தளை எடைக்கற்களும் கொடுத்தார்கள். ராஜபாளையத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போவேன். "நகைக்கடையா சார்?" என்று கண்டக்டர் தினமும் கேட்பார். எடைக்கல்லைத் தொட்ட விரலில் பித்தளை வாசனை போகாது. டீ குடித்தாலும் அந்த வாசனை, மூக்கைச் சொறிந்தாலும் அந்த வாசனை. இன்றைக்கும் பழைய குத்துவிளக்கைத் துடைக்கும்போது நான் ஒரு கணம் கைக்கு எட்டின தூரத்தில் தராசைத் தேடுகிறேன்.

தெருவில் நாற்பது வீடு. இடது வரிசை இருபது எனக்கு. வலது வரிசை இருபது கோமதிக்கு. கோமதி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கூட்டல் போட விரல் கணுவை எண்ணுவாள். அவளோடு போட்டி என்று ஒன்று இருக்கும் என்றுகூட முதல் வாரம் நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வாரத்தில் தெரு அவளுக்குக் கோமதியக்கா என்று பெயர் வைத்தது. எனக்குத் தராசு சார்.

உட்கார வைக்கிற இடத்தில் தொடங்கியது எல்லாம். எனக்குத் தறிக்குழி பக்கத்தில் நாற்காலி போட்டு, தம்ளரில் காப்பி தருவார்கள். கோமதியை நேரே அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கஞ்சி போட்ட நூலின் ஈர வாசனைக்குள் நான் மரியாதையாக உட்கார்ந்திருப்பேன். எதிர்ச்சாரியிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். ஒரு நாள் காலையில் மட்டும் ஒன்பது தடவை வந்தது. நாற்காலியில் இருந்தவனுக்கு வேறு என்ன வேலை, எண்ணினேன்.

வேலை இதுதான்: உலையில் போடும் முன் அரிசி, பருப்பு, காய், எண்ணெய் எல்லாவற்றையும் நிறுக்க வேண்டும். பிறகு அந்தப் பிள்ளையின் தட்டில் விழுவதையும் நிறுக்க வேண்டும். முதல் பாதி எனக்குச் சுலபம். இரண்டாம் பாதிக்கு வீட்டுக்காரம்மாக்கள் விடமாட்டார்கள். "எந்திரிச்சுப் போங்க சார். ஆம்பளை முன்னால தின்ன அவளுக வெக்கப்படுதாளுக" என்பார்கள். அச்சடித்துக் கொடுத்த விதிகளில் ஒரு வரி இருந்தது. தட்டை நிறுக்க முடியாத வீட்டில், பானையில் உள்ளதை வீட்டுத் தலைகளுக்கு வகுத்து எழுதலாம். எப்போதாவது ஒரு வீட்டுக்கு என்று வைத்த வரி. நான் இருபது வீட்டுக்கும் அதையே வைத்துக்கொண்டேன்.

அழகான கணக்கு அது. ஒரு வீட்டில் நான்கு முட்டை வாங்குவார்கள், எட்டுத் தலை. ஆளுக்கு அரை முட்டை. அந்த நான்கையும் யார் தின்றார்கள் என்று நான் பார்க்கத் தேவையே இல்லை. என் வரிசைப் பிள்ளைகள் எல்லோருக்கும் சோறு, பருப்பு, காய், அரை முட்டை என்று குறைவில்லாமல் கிடைத்தது.

கோமதி காத்திருந்து, வீட்டில் எல்லோர் தட்டையும் நிறுத்தாள். அப்பா சாப்பிட்டு, அண்ணன் தம்பி சாப்பிட்டு, மதியம் மூன்று மணிக்குப் பிள்ளைகள் உட்காரும்போது பக்கத்தில் அவளும் உட்காருவாள். அவள் தாள்களில் மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையும் இருக்கும். ஓரத்தில் கட்டத்துக்கு வெளியே எழுதி வைப்பாள். எங்கள் அதிகாரி சனிக்கிழமைதோறும் தாள்களைப் பார்க்கும்போது அந்த ஓரங்களைச் சத்தமாக வாசிப்பார். "'குழம்பில் கிடந்த கத்தரிக்காயை அண்ணனுக்கு ஒதுக்கிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டாள்.' 'முட்டை வாங்கியது நான்கு. பிள்ளை தின்றது, ஓடு உரித்தபோது விரலில் ஒட்டியது.' பாருய்யா, இந்தப் பொண்ணு எப்படி எழுதியிருக்குன்னு." என் தாள்களை வாசிக்காமல் புரட்டுவார். ஒரு கறை இல்லை, ஒரு அடித்தல் இல்லை. வாசிக்கவும் ஒன்றும் இல்லை.

இரண்டு விஷயம் எங்கள் இருவருக்கும் தெரியும். வேலை முடிந்ததும் இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். அடுத்தது, பிள்ளைகளுக்குச் சாப்பாடு போதவில்லை என்று கணக்கு வந்தால் அந்தத் தெருவுக்கு ஒரு வருஷம் சத்துமாவும் இரும்புச்சத்து மாத்திரையும் கிடைக்கும்.

என் வரிசையில் ஒன்பதாவது வீட்டில் பேச்சி என்று ஒரு பிள்ளை. பதினான்கு வயது. நாற்காலிக்குப் பக்கத்தில் ராட்டையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக்கொண்டிருப்பாள். தெருவில் என்னிடம் பேச்சுக் கொடுத்த ஒரே பிள்ளை அவள்தான்.

"தராசு சார், அரிசியை நிறுக்கிய, பருப்பை நிறுக்கிய. என்னைய எப்ப நிறுப்பிய?"

"உன்னை நிறுக்க இந்தத் தராசு தாங்காது."

"தாங்கும் சார். ஏத்தித்தான் பாருங்களேன்."

சொல்லிக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்த வளையல்கள் சரசரவென்று முழங்கை வரை இறங்கின. நான் சிரித்தேன். பார்க்கத்தான் செய்தேன், வளையலுக்குத் தாளில் கட்டம் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கோமதி காப்பி குடிக்கப் போயிருந்த நேரத்தில் அவள் தாள்களை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். பானையில் இருந்ததும் தட்டுகளில் விழுந்ததும் இருபதில் பதினோரு வீட்டில் ஒத்துப்போகவில்லை. தட்டிலிருந்து தம்பி வாய்க்குப் போனது, மறுபடி பானைக்கே திரும்பியது, ராத்திரிக்கு என்று ஒதுக்கி வைத்தது, இவையெல்லாம் இருக்கும் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் பஸ் ஸ்டாண்டில் இரண்டு வடை கூடுதலாக இறங்கியது.

மறுநாள் அவள் முன்னாலேயே அதிகாரியிடம் சொன்னேன். "கூட்டினா வரலை சார்."

அவர் நல்ல மனிதர்தான், ஆனால் மேலிடத்துக்குப் பயந்தவர். முகம் சுருங்கிவிட்டது. "ஏம்மா வரலை?"

"பிள்ளைக தின்னது அம்புட்டுத்தான் சார்" என்றாள் கோமதி. பிறகு என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "பானையைத் தலைக்கு வகுத்தீங்களே. எந்த வீட்டுல அகப்பை அப்படி வகுத்து நீங்க பாத்திய?"

"எல்லாத்தையும் கண்ணாலயே பாக்கணும்னா கணக்கு எதுக்கு?" என்றேன். அது கெட்டிக்காரத்தனமான பதில் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். "வலது வரிசையை விட்டிருவோம். இடது வரிசையை வச்சே தெருவுக்கு எழுதிருவோம்" என்றார். இரண்டு வரிசையிலுமாகப் பிள்ளைகள் நாற்பத்தொன்பது பேர். நாற்பத்தொன்பது பேருக்கும் சாப்பாடு போதுமானது என்று எழுதப்பட்டது.

அன்று வீட்டுக்குப் போய், சோறு பரிமாறிய தங்கையிடம் என் வெற்றியை விலாவாரியாகச் சொன்னேன். அவளுக்கும் பதினைந்து வயது. நின்றுகொண்டே கேட்டாள். "சரிண்ணே, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?" வை என்றேன். பானையில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் இருபத்து மூன்று வருஷம் சாப்பிட்டிருக்கிறேன். என் தங்கை உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்டால், எல்லாவற்றையும் எண்ணுகிற என்னிடம் அதற்கு எண் இல்லை.

விடுபட்ட ஒரு எடைக்கல்லை எடுத்துவர ஒரு தடவை அந்தத் தெருவுக்குப் போனேன். பேச்சி ராட்டையில் இருந்தாள்.

"எங்க தெருவுக்கு மாவு வராதாமே சார்?"

"வராது."

"ஏன்?"

"நீங்க எல்லாரும் போதுமான அளவு சாப்பிடுதிய."

ராட்டை நின்றது. "நாங்களா? நல்லா எண்ணிப் பாத்தியளா சார்?"

பார்த்தேன் என்றேன். அவள் மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். எனக்கு வேலை நிரந்தரமானது. முப்பத்தைந்து வருஷம் பார்த்தேன். பென்ஷன் மாதம் தவறாமல் வருகிறது. கோமதியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

சன்னல் சாய்ப்பில் இவ்வளவும் ஓடி முடிந்தபோது அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். "எம்புட்டு வந்துச்சும்மா?" என்று கேட்டேன். "அதைச் சொல்லக் கூடாது தாத்தா" என்றவள், என் மருமகளிடம் மட்டும் தணிந்த குரலில் பேசினாள். பிள்ளைக்கு ரத்தம் பார்க்கச் சொன்னாளாம். அதைக்கூட மருமகள் சாயங்காலம்தான் என்னிடம் சொன்னாள்.

திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். கையில் அரைக் கிலோ சத்துமாவுப் பாக்கெட். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இப்போது அறுபத்தைந்து ஆகியிருக்கும் என்று எனக்குக் கூட்டத் தெரியாதா? தெரிந்தும் வாங்கினேன்.

தெருவில் தறிச் சத்தம் இல்லை. இடது வரிசையில் பாதியை இடித்து வண்டி நிறுத்த இடம் போட்டிருக்கிறார்கள். மீதியில் செல்போன் கடை, கல்யாண மண்டபத்தின் பின்சுவர். வலது வரிசையில் பழைய வீடு ஆறு பாக்கி. ஒரு வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மாவிடம் விசாரித்தேன். அந்த வீட்டிலேயே பிறந்தவளாம்.

"கோமதியக்காவை மறக்க முடியுமா அண்ணாச்சி? வேலையை விட்டு நிறுத்தின பொறவும் ரெண்டு மாசம் வந்தாவ. வெள்ளிக்கிழமைதோறும் அவிச்ச பயறு கொண்டாருவாவ. எங்க அம்மாகிட்டக் குடுக்க மாட்டாவ. எங்க கையில குடுத்து, நாங்க முழுங்குத வரைக்கும் நிப்பாவ."

"கூட ஒரு ஆள் வருவாரே, தராசோட?"

"எதிர்வீட்டுல நாற்காலியில ஒருத்தர் இருப்பாரு. மொகம் ஞாபகமில்ல."

உங்களிடம் மறைப்பானேன். எழுபத்து நான்கு வயதில், அந்த வெயிலில், எனக்கு மறுபடியும் முதலில் வந்தது அந்தப் பொறாமைதான். அவளுடைய பயறு ஞாபகம் இருக்கிறது, என் முகம் ஞாபகமில்லை.

பிறகுதான் பேச்சியைக் கேட்டேன்.

"எதிர்வரிசைப் பேச்சியா? அவ எப்பமோ போயிட்டாளே. ரெண்டாவது பேறுகாலத்துல. ஒடம்புல ரத்தமே இல்லைன்னாவ. இருபது வயசு இருந்தா அதிகம்."

மாவுப் பாக்கெட்டை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். "எனக்கு எதுக்கு இது?" என்று கேட்டுக்கொண்டே வாங்கி, கீரைத் தட்டின் ஓரமாக வைத்தாள். முனையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

பதினான்கு வயதில் ஒரு வருஷம் கிடைக்கிற மாவு இருபது வயது வரை உடம்பில் நிற்குமா என்று பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எதை எதால் வகுப்பது என்று தெரியவில்லை. எனக்கு இந்த விஷயத்தில் இன்றுவரை ஆன செலவை மட்டும் எழுத முடியும். பஸ்ஸுக்குப் போக வர முப்பது, மாவு நூற்றைம்பது, டீ பன்னிரண்டு. மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபாய்.