அலை உடையாத இடம்

கடலே இல்லாத காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு, கடலில் எங்கே இறங்கலாம், எங்கே இறங்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ஒருவரிடம் நான் வேலை பார்த்தேன். ஹனிபா பாய் என்று பெயர். செக்காலை ரோட்டில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத் வைத்திருந்தார். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு, கவர்மெண்ட் வேலை இதோ வருகிறது அதோ வருகிறது என்று காத்திருந்த எனக்கு, தொண்ணூற்று நாலில் அவர் பூத்தில் உட்காரும் வேலை கிடைத்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் ஆள் பேசும். வெளியே மேஜையில் நான் இருப்பேன். என் முன்னால் சிவப்பு எண்களில் மீட்டர் ஓடும். லைன் கட்டானால் மிஷின் கீச்சென்று கத்திப் பில்லைத் துப்பும். அந்த மிஷின் ஒருநாள்கூடத் தப்பாக வேலை செய்ததில்லை. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பின்னால் இந்த ஷீலாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று யாரும் பேசக் கூடாது.

பாய் வெகுகாலம் மலேசியாவில் இருந்தவர். கிழக்குக் கரைப் பக்கம் ஒரு தீவு. அங்கே வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் விடுதியில் படகு கழுவும் ஆளாகப் போய்ச் சேர்ந்தார். போகப் போக, விருந்தாளிகள் எங்கே இறங்க வேண்டும் என்று இடம் பார்த்துச் சொல்வதே அவர் வேலையாகிவிட்டது. விடிந்ததும் படகை எடுத்துக்கொண்டு முதலில் அவர் போவார். தண்ணீர் எவ்வளவு தெளிந்திருக்கிறது, பவளப்பாறை எத்தனை ஆழத்தில் கிடக்கிறது, மீன் கூட்டம் நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்ப்பார். சிலிண்டர் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகிறவர்களுக்கு ஓர் இடம். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மேலாக மிதந்து மீன் பார்க்கிறவர்களுக்கு வேறோர் இடம். திரும்பி வந்து அவர் பலகையில் எழுதிப் போட்டால்தான் மற்றவர்கள் கிளம்புவார்கள்.

அப்படிப்பட்ட வேலையை விட்டுவிட்டு ஒருநாள் பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றாராம். "எதுக்கு வந்தீகன்னு கேட்டேன். தண்ணி குடு, குளிக்கணும்னாக. அம்புட்டுத்தான், இன்னைக்கு வரைக்கும் வேற பதில் கெடையாது," என்று அவர் மனைவி பல்கீஸ் அக்கா என்னிடம் சொல்லிக் குறைப்பட்டிருக்கிறார்.

விஷயம் தெரிந்தவர் ஊருக்குள் இருக்கிறார் என்றால் விடுவார்களா? அப்போது வெளிநாடு போய் வருவது ஒரு மோஸ்தராகிக்கொண்டிருந்தது. கண்டனூரிலிருந்து ஓர் ஆச்சி அம்பாசிடரில் வந்து இறங்கினார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் எல்லாரையும் ஏதோ தீவுக்குக் கூட்டிப் போகிறானாம். வழவழவென்று படம் போட்ட புத்தகத்தை மேஜையில் விரித்தார்.

"பேரப்பிள்ளைக குழாய வாயில வச்சுக்கிட்டு மீனு பாக்கணும்னு குதிக்குதுக பாய். எந்த எடத்துல எறக்கலாம்னு பாத்துச் சொல்லுங்க."

பாய் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கண்ணாடி போலத் தண்ணீர் அசையாமல் கிடந்த ஒரு படத்தில் ஆச்சி விரலை வைத்து, "இது நல்லாருக்குல்ல?" என்றார். பாய் அந்தப் பக்கத்தைப் பட்டென்று மூடினார். ஆச்சி திடுக்கிட்டுப்போனார்.

"அங்குட்டுப் போகாதீக ஆச்சி. சனம் குளிக்கிற எடமாப் பாருங்க. காலு ஊனுனா மணலு தட்டுப்படணும். அலை கொஞ்சம் அடிச்சாலும் பரவால்ல, அது பிள்ளைகளக் கரைக்குத்தான் தள்ளும்."

ஆச்சி போன பிறகு நான் கேலி செய்தேன். அலை அடிக்கிற இடத்தில் இறங்கு, அடிக்காத இடத்தில் இறங்காதே என்று சொல்லும் ஆளை உலகத்திலேயே இங்கேதான் பார்க்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அசையாத தண்ணீர் எதுவுமே ஆகாது. ஊருணிக் கரை வழியாகப் போனால் நின்று ஒரு சுள்ளியைப் பொறுக்கி உள்ளே போடுவார். அது போட்ட இடத்திலேயே கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார். ஊருணித் தண்ணீர் எங்கே போகும்? பள்ளிக்கூடப் பிள்ளைகள் பின்னால் நின்று சிரிக்கும். அவர் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்னொரு பழக்கம்தான் எனக்குப் பயம் கொடுத்தது. மலேசியாவுக்கு நம்பர் போட்டால், மணி அடிப்பதற்கு முன்னால் வெறும் இரைச்சல் கொஞ்சம் வரும். யாருக்காவது நம்பர் போட்டுக் கொடுக்கும்போது, அந்த இரைச்சலை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "கடலுக்கு அடியில கேபிளு கெடக்குல்ல, அது வழியாத்தான் வருது," என்பார். ஒருநாள் என் மேஜையில் இருந்த இணைப்பு போனை எடுத்து நானும் கேட்டேன். இரைச்சல்தான். அதற்குள்ளே, யாரோ குழாய் வழியாக வாயால் மூச்சு விடுவது மாதிரி, உஸ் என்று இழுத்து உஸ் என்று விடும் சத்தம். நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். பேய் பிசாசு என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். அன்றைக்கு ரிசீவரைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். அதற்குப் பிறகு நான் அந்தச் சத்தத்தைக் கேட்கக் காதைக் கொடுக்கவில்லை.

அவருக்கு ஒரே மகள், ஃபாயிஸா. தேவகோட்டைப் பையன் நாசருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்தின்போது நாசர் கோலாலம்பூரில் கடையில் இருந்தான். பிறகு சம்பளம் கூட வருகிறதென்று ஒரு தீவில் புதிதாகத் திறந்த விடுதிக்கு மாறினான். பெண்ணையும் அழைத்துக்கொண்டான். பாய் வேலை பார்த்த அதே தீவு. இவருக்குத் தெரிந்தபோது ஃபாயிஸா அங்கே போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. "வேண்டாம்னு சொல்லக் காரணம் என்ன?" என்று பல்கீஸ் அக்கா கேட்டதற்கு, இவர் எழுந்து ஊருணிப் பக்கம் போய்விட்டார்.

தொண்ணூற்றேழு பங்குனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து வந்து பாய் வழக்கம்போல மகளுக்கு நம்பர் போட்டார். நாசர்தான் எடுத்தான். ஃபாயிஸாவிடம் ஒரு வார்த்தை பேசலாமே என்று நானும் இணைப்பு போனைக் காதில் வைத்தேன்.

"மாமா, சீசன் தொடங்குது. மீனு பாக்க வர்ற ஆளுகளுக்கு எடம் பாக்குற வேலைய மொதலாளி எங்கிட்டக் குடுத்துட்டாரு. அருமையான எடம் ஒண்ணு புடிச்சுட்டேன். ரெண்டு பக்கமும் அலை ஒடையுது. நடுவுல மட்டும் ஒரு சந்து கணக்கா, அலையே கெடையாது. நம்ம ஊருணி மாதிரி அசையாமக் கெடக்கு. நாளைக்குக் காலையில மொத ஆளா ஃபாயிஸாவ எறக்கிப் பாக்கப் போறேன். அவளுக்கும் ரொம்ப ஆசை."

கண்ணாடிக்குள் பாய் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எறக்காத," என்றார்.

"ஏன் மாமா?"

"நான் சொல்றேன்ல. எறக்காத."

"அலையே இல்லாத எடத்துல என்ன மாமா ஆபத்து?" நாசர் சிரித்தான். "மொதலாளி கேட்டா நான் காரணம் சொல்லணும்ல? புது வேல மாமா. நல்ல எடத்த விட்டுட்டு வந்தா என்னைய என்ன நெனப்பாரு?"

காரணம் தெரியாவிட்டால் இந்தப் பையன் நிறுத்த மாட்டான் என்று எனக்கே தெரிந்தது. நாளைக் காலையில் பெண்ணை இறக்கிவிடுவான். பாய் வாயைத் திறந்தாக வேண்டும். அவரோ கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்போது மிஷின் கீச்சென்று கத்தியது. மீட்டர் அணைந்தது. பில் வந்து விழுந்தது. என் காதில் எங்கேஜ் சத்தம் விட்டு விட்டு ஒலித்தது. அதே சத்தம் அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அப்போதுதான் பேசத் தொடங்கினார்.

"நாசரு, கேளு. ரெண்டு பக்கமும் அலை கரைக்கு வந்து கொட்டுதுல்ல. அம்புட்டுத் தண்ணியும் எந்த வழியாத் திரும்பிப் போகும்? அந்தச் சந்து வழியாத்தான் போகும். அதனாலதான் அங்கன அலை ஒடையாது. மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. உள்ள ஆறு மாதிரி இழுத்துக்கிட்டுக் கெடக்கும்."

கண்ணாடியைத் தட்டி, பாய், லைன் கட்டாகிவிட்டது என்று சொல்ல எழுந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கை போகவில்லை. கதவு சரியாகச் சாத்தாததால் எல்லாம் எனக்குக் கேட்டது.

"நானும் ஒன்னைய மாதிரித்தான்டா. ஊருணியப் பாத்து வளந்த பய. அசையாமக் கெடந்தா நல்ல தண்ணின்னு நெனச்சேன். அத்தன வருசம் அங்கன இருந்தும் அந்தப் புத்தி போகல. வெள்ளைக்காரப் புருசனும் பொஞ்சாதியும் வந்திருந்தாக. வயசானவுக. நீச்சல் சுமாராத்தான் வரும், பயமில்லாத எடமாக் காட்டுன்னாக. நான்தான் அந்தச் சந்தக் காட்டுனேன். படகுல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளிப் போனாக. ஒரு சத்தம் இல்ல. பெறகு அந்தம்மா தலையத் தூக்கிக் கைய ஆட்டுச்சு. அவரும் ஆட்டுனாரு. நல்லாருக்கு நல்லாருக்குன்னு சந்தோசத்துல ஆட்டுறாகன்னு நெனச்சேன் நாசரு. நானும் கைய ஆட்டுனேன்."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்பறம்தான் படக எடுத்தேன். போயிப் பாத்தா தண்ணி மட்டும் கெடந்துச்சு. எம்புள்ளைய எறக்கிறாதடா."

ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தவரிடம் பில்லைக் காட்டினேன். நீங்கள் சொல்லத் தொடங்கும் முன்பே கட்டாகிவிட்டது பாய் என்றேன். அவர் என்னை வெறித்துப் பார்த்தார். உடனே மறுபடி நம்பர் போட்டோம். இந்த வழித்தடத்தில் உள்ள எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன என்று ஒரு பெண் குரல் மூன்று பாஷையிலும் பாடியது. மாலை வரை அதே பாட்டு. எக்ஸ்சேஞ்சுக்கு ஓடினார். தேவகோட்டையில் நாசரின் அண்ணன் வீட்டிலிருந்தும் முயன்று பார்த்தார். அங்கேயும் அதே பாட்டுத்தான். என் வாழ்நாளில் ஒரு மிஷினை நான் அப்படித் திட்டியதில்லை.

மறுநாள் நான் போனபோது அவர் பூத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இங்கே நாம் பல் விளக்கும்போது அங்கே வெயில் ஏறியிருக்கும். இறக்குவதாக இருந்தால் இந்நேரம் இறக்கி முடித்திருப்பார்கள். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வந்த ஆட்களை மிஷின் ரிப்பேர் என்று திருப்பி அனுப்பினேன். அவர் நம்பரைச் சுழற்றச் சுழற்ற நான் மனசுக்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது போன் அடித்தது. அவர் கூண்டுக்குள் எடுத்தார். நான் மேஜையில் எடுத்தேன்.

"அத்தா," என்றாள் ஃபாயிஸா. "நாங்க எறங்கல அத்தா."

நான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். பாய் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார்.

"நேத்து நீங்க சொன்னத முழுசும் கேட்டோம். நானும் ரிசீவர்ல காத வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தம்மா கை ஆட்டுனது, நீங்க ஆட்டுனது, எல்லாம். இத்தன வருசமா ஏன் அத்தா அம்மாகிட்டகூடச் சொல்லல? காலையில இவுக போயி அந்தச் சந்துல ஒரு தேங்காயப் போட்டுப் பாத்தாகளாம். நிமிசத்துல வெளிக்கடலுக்குப் போயிருச்சாம்."

பில் என் எதிரே கம்பியில் குத்தியபடி இருந்தது. நான் அதைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தா, நீங்க பேசி முடிச்சதும் ஒரு அம்மா பேசுனாங்கள்ல, அவங்க யாரு? ஷீலா அக்காவுக்குத் தெரிஞ்சவங்களா?"

நேற்று பூத்தில் என்னையும் பாயையும் தவிர வேறு யாரும் இல்லை.

"என்ன பேசுனாக?" என்றார் பாய்.

"இங்கிலீஷ்ல மெதுவாப் பேசுனாங்க. எனக்கு வெளங்கல, இவுகதான் சொன்னாக. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்களாம். நாங்க கைய ஆட்டுறத நிப்பாட்டுன பின்னாடியும், அவரு ஏன் ஆட்டிக்கிட்டே இருந்தாருன்னு."

இதை அவர் நேற்றுச் சொல்லவில்லை. நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டவள். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும், நடந்தது அதுதான் என்று தெரிந்தது. எனக்கு அந்த அம்மா மேல் கோபம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்த கையோடு ஒரு மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது?

"ஃபாயிஸா, போன வச்சிரு தாயி," என்றார் பாய்.

அவள் வைத்தாள். வைத்த சத்தம் எனக்குக் கேட்டது. ஆனாலும் லைன் போகவில்லை. அந்த இரைச்சல் இருந்தது. உஸ் என்று இழுத்து, உஸ் என்று விடும் மூச்சும் இருந்தது. அது காத்திருந்தது. நான் என் ரிசீவரை வைத்துவிட்டுப் போய் ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

பாய் கூண்டுக்குள் எழுந்து நின்றார். இங்கிலீஷ் தெரிந்தவர்தான். ஆனாலும் அந்த அம்மாவிடம் தமிழில்தான் பேசினார்.

"போங்கன்னு ஆட்டல தாயி. எங்க ஊருல போய்ட்டு வாங்கன்னுதான் ஆட்டுவோம். வந்துருவீக, வந்துருவீகன்னு ஆட்டிக்கிட்டே நின்னேன்."