சித்திக்கு நடந்த பாராட்டு

கொரோனா காலத்தில் கல்கத்தாவில் எங்கள் லேக் கார்டன்ஸ் தெருவிலேயே பெரிய ஆள் யார் என்றால் என் சித்திதான். அம்மாவின் தங்கை, ஆஸ்பத்திரி நர்ஸ், எங்களோடுதான் இருந்தாள். எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் கிடையாது, வெளியே விளையாட்டு கிடையாது. சித்தியை வைத்துப் பீற்றிக்கொள்வது ஒன்றுதான் பொழுதுபோக்கு. அவள் லிஃப்டில் ஏறக்கூடாது என்று முதலில் சொன்னவர்களும் இதே தெருக்காரர்கள்தான். அதை நாங்கள் தாராளமாக மறந்துவிட்டோம்.

சித்தி மறந்தாளோ என்னவோ, அவள் பேசுவதையே விட்டிருந்தாள். டூட்டி முடிந்து வந்தால் குளிப்பாள். துவட்டிக்கொண்டு வந்து, திரும்பவும் போய்க் குளிப்பாள். தட்டில் போட்ட சோறு காய்ந்து கிடக்கும். ஒரு நாள் சாயங்காலம் அம்மாவிடம், "அக்கா, என்னால முடியல. நாளையிலேர்ந்து நான் போகல" என்றாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வங்கி அதிகாரி, எதையும் யோசித்துச் செய்ய வேண்டும் என்பவர். யோசித்துக்கொண்டே இருந்தார்.

அதற்குள் வாசல் மணி அடித்தது. தெரு கிளப்காரர்கள் சித்தியைப் பாராட்ட வந்திருக்கிறார்களாம், கீழே வரவேண்டுமாம். நாங்கள் இறங்கியதும் நான் காக்கிமா என்று கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளி மாமி மாஸ்க்கை இறக்கிவிட்டுச் சங்கை ஊதினாள். கல்கத்தாவில் பிறந்த எனக்குச் சங்கு என்றால் பூஜை, கல்யாணம். ஊரில் பிணம் எடுக்கும்போது மட்டும் சங்கு கேட்டு வளர்ந்த சித்தி கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

கிளப் செயலாளர் கொண்டுவந்திருந்தது ஒரு புடவை. தொற்று ஒட்டிவிடக்கூடாது என்று வெள்ளை பிளாஸ்டிக்கில் சுற்றி, சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தார். பாவம், அவ்வளவு கவனம். சித்தி அதை இரண்டு கையாலும் வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுடிதார் பாக்கெட்டில் எப்போதும் வைத்திருக்கும் மார்க்கர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

"பேர் என்ன? எந்த பெட்?" என்று வங்காள மொழியில் கேட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். சித்தி ஆட்டோகிராப் போடுகிறாள் என்று நினைத்து நான் கைதட்டினேன். வார்டில் இறந்துபோனவர்களைச் சுற்றிக் கட்டி, மேலே பெயர் எழுதும் வேலை அவளுடையது என்று அம்மா எனக்குச் சொன்னது பல வருஷம் கழித்து. அன்று சிரிக்காதவள் அம்மா மட்டும்தான். மாடிக்கு வந்ததும் அப்பாவின் யோசனை ஒருவழியாக முடிந்தது: இத்தனை பேர் பாராட்டிய பிறகு வீட்டில் உட்கார்ந்தால் தெரு என்ன பேசும்?

மறுநாள் காலை சித்தி கிளம்பினாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அம்மா சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்தாள். அப்பா குடையை எடுத்து நீட்டினார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டும் அவள் நகரவில்லை.

"என்ன மறந்துட்ட சித்தி?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லடி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரமே வார்டுத் தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க மாட்டேன் என்று அழுதாளாம். மனசுக்கு வைத்தியம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. வாசலில் அவள் எதற்கு நின்றாள் என்று எனக்கு அன்று தெரியவில்லை. போகாதே என்று எங்களில் ஒருத்தராவது சொல்வோமா என்று பார்த்திருக்கிறாள்.