வீட்டுக்காரர் போனுக்குப் போன ஓ.டி.பி.

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் ஒரு ரேஷன் கடை மாடியில் சனிக்கிழமைதோறும் பெண்களுக்கு செல்போன் வகுப்பு நடந்தது. அங்கே கற்றுக்கொள்ள எனக்கு ஒன்றுமில்லை என்ற நினைப்புதான். ஆனாலும் அடுத்தவர் போனில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை யாரை விட்டது? டவுனிலிருந்து பஸ் ஏறிப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

வகுப்பெடுத்தவள் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெண். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அன்றைக்கு ஆரம்பித்தாள். எல்லோரும் தலையாட்டினோம். பிறகு சான்றிதழ்கள் எடுக்கும் செயலி ஒன்றில் ஆதார் எண்ணைப் போடச் சொன்னாள். அடுத்த நிமிஷம் அறை முழுக்க, "ஏங்க, ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க" என்று ஒரே குரல். எல்லார் ஆதாரிலும் இருந்தது வீட்டுக்காரர் நம்பர். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, என் போனுக்கும் ஒன்றும் வரவில்லை என்று தெரியும்வரை.

பக்கத்தில் இருந்தவள் மட்டும் யாரையும் கூப்பிடவில்லை. வில்லியனூரைத் தாண்டி ஒரு கிராமம். இங்கே தையல் கம்பெனியில் வேலை. ஏன் என்று கேட்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். கேட்டேன். தபால் வழியில் பி.ஏ. சேரப் போகிறாளாம். தொலைந்துபோன பிளஸ் டூ சான்றிதழை இந்தச் செயலியில்தான் எடுக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை கடைசி நாள்.

"அவருகிட்ட இன்னும் சொல்லலக்கா. நம்பர் கேட்டா எதுக்குன்னு கேப்பாரு."

"கேஸ் புக் பண்றேன்னு சொல்லு" என்றாள் முன்வரிசைக்காரி. "ரேஷன் கார்டுக்குன்னு சொல்லு, நான் அப்படித்தான் சொல்லுவேன்" என்றாள் இன்னொருத்தி. இத்தனை பொய்களா கைவசம் வைத்திருக்கிறார்கள் என்று வாயைப் பிளந்தேன்.

 இவளோ போன் போட்டு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். கணவர் லாரி டிரைவர். பின்னால் ஹாரன் சத்தம் எனக்கே கேட்டது.

"இந்த வயசுல என்னா படிப்பு? நான் வந்தப்புறம் பேசிக்கலாம்."

போனை வைத்துவிட்டார். முகம் தெரியாத அந்த மனிதர்மேல் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவளோ டீச்சரைத்தான் பார்த்தாள்.

"மிஸ், ஆதார்ல இருக்கிற நம்பர மாத்தலாமா? இல்ல, அதுக்கும் ஓ.டி.பி. அவருக்குத்தான் போவுமா?"

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்தால் போதும் என்றாள் டீச்சர்.

திங்கட்கிழமை அவளோடு நானும் மையத்துக்குப் போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டாலும் எனக்கும் அதே வேலைதான். கிளம்பும்போது என் வீட்டுக்காரர், "உனக்கு எதுக்கு இப்ப அது?" என்றார். அவர் அப்படிக் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. வரிசையில் நின்றபோது, வீட்டுக்கு வந்த தன் கணவர் ஒரு வார்த்தை பேசாமல் மறுபடியும் லோடு ஏற்றிப் போய்விட்டதாக அவள் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் மறுபடி ஆதார் எண்ணைப் போட்டாள். இந்த முறை அவள் போனே சிணுங்கியது. சான்றிதழ் திரையில் வந்தது. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அப்போது கணவர் கூப்பிட்டார். நான் வெட்கமில்லாமல் காதை அந்தப் பக்கம் நீட்டினேன்.

"இன்னிக்குத்தான கடைசி நாளு? அன்னிக்கு வந்த நம்பர அழிக்காமதான் வச்சிருக்கேன். சொல்லட்டா?"

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"அது அன்னிக்கே செல்லாமப் போயிடுச்சுங்க" என்றாள். "இப்பல்லாம் எனக்கே வருது."