கலாவதி அக்கா திருப்பி வாங்கிய சோபா

கலாவதி அக்கா இறந்த செய்தி வந்தபோது, கடை வாசலில் லாரியிலிருந்து ஃபோம் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தேன். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய மகன் பேசினான். "அம்மா போயிட்டாங்கண்ணே." நெஞ்சுவலி என்று முந்தின நாள்தான் கொண்டுபோயிருந்தார்கள். அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. இந்தச் சரக்கை இனி யார் சோதிப்பது?

போடியில் எங்கள் சோபாக் கடையை அறிந்தவர்களுக்கு அக்காவையும் தெரியும். நாங்கள் கூட்டாளிகள். தைப்பதும் விற்பதும் என் பொறுப்பு; துணியும் ஃபோமும் வாங்குவது அவருடையது. தீச்சோதனையில் தேறியது என்ற முத்திரை இல்லாத ஃபோம் கட்டை உள்ளே விடமாட்டார். முத்திரை இருந்தாலும் ஒரு துண்டு அறுத்து, வாசலில் வைத்துத் தீக்குச்சி கிழிப்பார். "முத்திரைய யாரு வேணா குத்தலாம் தம்பி" என்பார். வியாபாரிகள் சலித்துக்கொள்வார்கள். சில நாள் நானும்.

காரணத்தை ஒரே ஒருமுறைதான் சொன்னார். சிலமலையில் அவருடைய மாமனார் சோபாவில் உறங்கியபோது, கீழே வைத்திருந்த கொசுவர்த்தியின் கனல் அதில் பற்றிக்கொண்டது. "உடம்புல தீக்காயமே இல்ல. புகைதான் கொண்டுபோயிருச்சு."

போன மழைக்காலத்தில் ஒரு காலை. முந்தின வாரம் சோதனையில் தேறிய அதே சரக்கிலிருந்து இன்னொரு கட்டைப் பிரித்துக் கொளுத்தினார். குபீரென்று எரிந்து, உருகிச் சொட்டியது. அந்தச் சரக்கில் செய்த ஒரு சோபா, போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டக் கங்காணி ஒருவரின் வீட்டுக்கு ஏற்கெனவே போயிருந்தது. அன்று அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம்.

"ஜீப்பைக் கூப்பிடு தம்பி. வெரசா."

வழியெல்லாம் மூடுபனி. கங்காணி வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அக்கா முன்கம்பியை இறுகப் பிடித்தபடி, "விளக்கு ஏத்திருப்பாங்களே" என்று முணுமுணுத்தார்.

ஏற்றியிருந்தார்கள். சோபாவை ஒட்டிக் குத்துவிளக்கு. சோபாவின்மேல் இரண்டு குழந்தைகள் குதித்துக்கொண்டிருந்தன. அக்கா ஓடிப்போய்க் குழந்தைகளைத் தூக்கி இறக்கினார். கங்காணிக்குக் கோபம். "மாப்ள வீட்டுக்காரங்க வர்ற நேரம். அவங்கள எதுல உக்கார வைக்கிறது?"

அக்கா வாதாடவில்லை. கையோடு கொண்டுவந்த ஃபோம் துண்டை முற்றத்தில் வைத்துக் கொளுத்தினார். கரும்புகை கூரைவரை எழுந்தது. பெண்ணின் தாய்தான் முதலில் அசைந்தாள். சோபாவின் ஒரு முனையைப் பிடித்து, "அண்ணே, அந்தப் பக்கம் தூக்குங்க" என்றாள் என்னிடம்.

மாப்பிள்ளை வீட்டார் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. அக்காவே எல்லோருக்கும் காப்பி கொடுத்தார்.

சோபாவை ஜீப்பின் மேல் கட்டிக்கொண்டு மலை இறங்கும்போதும் அவர் முன்கம்பியை விடவில்லை. "அதான் ஒண்ணும் நடக்கலையேக்கா" என்றேன்.

"அதுதான்டா பயமா இருக்கு. நடக்கலன்னா நாளைக்கே மறந்துருவோம்."

அக்காவின் அடக்கம் முடிந்து கடை திறந்த அன்று, புதுக் குடித்தனக்காரர் ஒருவர் ஒரு சோபாவைத் தட்டிப் பார்த்து, "இது தீப்பிடிக்காதுல்ல?" என்று கேட்டார். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு நான் சிரித்துக்கொண்டே "பிடிக்காதுங்க" என்பேன்; அக்கா உள்ளேயிருந்து வந்து திருத்துவார். அன்று உள்ளறையில் யாரும் இல்லை. அக்கா சொல்வதை அப்படியே சொன்னேன். இனி என்னிடம் இருக்கப்போவது அதுதான்:

"எல்லாம் எரியும்ங்க. புள்ளைகளத் தூக்கிட்டு வெளிய ஓட நேரம் குடுக்குமான்னு கேளுங்க."